படிப்புக்கும் வேலைக்கும் நடுவில்

ஒருவரை முதன்முறை சந்திக்கும் தமிழர், ஊரையும் பேரையும் கேட்டறிந்தபின் கேட்பது ஒரு கேள்விதான். வயது குறைவாகத் தோன்றினால், "என்ன படிக்கிறாய்?" என்பார், சற்றே கூடுதலாகத் தோன்றினால், "எங்கே வேலை பார்க்கிறாய்?" என்பார். இவ்விரு வினாக்களுக்கும் நடுவே மூன்றாவது வினா ஒன்றை நம் சமுதாயம் இன்னும் உண்டாக்கவில்லை. நாங்கள் வாழ்வது அந்த நடுவில்தான்.

இருபத்திரண்டு வயதில் முதுகலைப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தேசியத் தகுதித் தேர்வில் வென்று, இப்போது முப்பதை எட்டிக்கொண்டிருக்கும் எங்களை 'மாணவி' என்று எழுத வங்கி அலுவலர் தயங்குகிறார். 'பணியாளர்' என்று எழுத நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மறுக்கிறது. படிவங்களில் 'தொழில்' என்னும் கட்டம் வரும்போதெல்லாம் எங்கள் பேனா சற்று நின்றுதான் நகர்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோர் பாடு இதனினும் கடினம். "மகள் மெட்ராசிலே படிக்கிறாள்" என்று முதல் இரண்டு ஆண்டுகள் பெருமிதத்தோடு சொன்ன தாய், ஐந்தாம் ஆண்டில் அதே சொற்களைத் தணிந்த குரலில் சொல்கிறார். "இன்னுமா படிக்கிறா?" என்று அண்டை வீட்டார் கேட்கும்போது, அந்த 'இன்னுமா' என்ற ஒற்றைச் சொல் திண்டுக்கல்லிலிருந்து புறப்பட்டுத் தொலைபேசி வழியே வேளச்சேரி வரை வந்து சேர்கிறது.

நாங்கள் மூவர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஏறத்தாழ ஒரே வாரத்தில், சென்னை தரமணியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த வெவ்வேறு ஆய்வு நிறுவனங்களில் சேர்ந்தோம். வேளச்சேரியில் ஒரு வீட்டின் முதல் மாடியைப் பகிர்ந்துகொண்டோம். எங்களுள் மூத்தவர் வேதாரண்யத்துக்காரர். நாங்கள் அக்கா என்றே அழைப்போம். 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே புகுந்து உப்பாகிப் போன வயல்களைச் சிறுமியாகக் கண்டவர். உப்பைத் தாங்கும் கேரளத்துப் பொக்காளி நெல்லை நம் பக்கத்து நெல்லோடு கலந்து, அதன் வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து ஆராய்வது அவர் பணி. மற்றவர் திண்டுக்கல்காரர், பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து நுண்ணுயிர்களை ஆராய்கிறார். அந்தச் சதுப்பு நிலம் 2022இல் உலகளாவிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது, தம் பிள்ளைக்கே பரிசு கிடைத்ததுபோல் வீட்டில் கேசரி கிண்டினார். மூன்றாமவர் ஆரணிக்காரர், கோட்பாட்டு இயற்பியல். தாளும் பேனாவும் கணினியுமே அவருடைய ஆய்வுக்கூடம். அதனால் வீட்டுக்கார அம்மாவின் கணிப்பில் எங்களுள் வேலையே இல்லாதவர் அவர்தாம். சுவரைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று அந்த நல்ல உள்ளம் கேட்காத நாள் அரிது.

தரமணியை அறியாத வாசகர்க்கு ஒரு சொல். 1948 முதல் அடையாற்றில் இருக்கும் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1959இல் கிண்டிக் காட்டில் எழுந்த ஐ.ஐ.டி., 1962இல் தோன்றிய கணித அறிவியல் கழகம், 1988இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எனச் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நாட்டின் அறிவியல் நிலையங்கள் பல நெருங்கி நிற்கின்றன. அவற்றின் அருகிலேயே 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை கணினிச் சாலையாயிற்று. காலையில் வேளச்சேரியிலிருந்து புறப்படும் பறக்கும் ரயிலில் இரு திறத்தாரும் ஒன்றாகவே பயணம் செய்கிறோம். வயதும் உடையும் களைப்பும் ஒன்றே. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு மட்டும் வேறு. அவர்கள் கயிற்றில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக அச்சிட்டிருக்கும். எங்களுடையது வெறும் நீலக் கயிறு. வீடு வாடகைக்குக் கேட்டு அலைந்த நாட்களில், தரகரின் பார்வை முதலில் விழுந்தது அந்தக் கயிற்றின்மேல்தான் என்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம்.

நகரத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. தண்ணீர் லாரி காலை ஆறு மணிக்கு. மாவுக்கடை இரவு ஒன்பது வரை. வாடகை ஐந்தாம் தேதிக்குள். ஆய்வுக்கு வேறோர் அட்டவணை. நல்ல ஊட்டத்தில் ஈ.கோலி என்னும் நுண்ணுயிர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும்; உங்கள் வசதிக்காக அது காத்திருப்பதில்லை. திண்டுக்கல்காரர் இரவு பதினொன்றுக்கு ஒருமுறை அளந்துவிட்டு, அதிகாலை மூன்றுக்கு மீண்டும் அளக்க ஆய்வுக்கூடத்து மேசையிலேயே தலைசாய்த்துக் கொள்வார். அக்காவின் நெல்லோ நான்கு திங்களுக்குக் குறைந்து எதையும் சொல்லாது. அது பூக்கும் பருவத்தில், ஊரில் தங்கை திருமணமே ஆனாலும், காலை வேளையில் வலைக்கூடத்தில் நின்று பூவைக் கத்தரித்து மகரந்தம் தூவத்தான் வேண்டும். அவ்வாறு தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு மாலையில் போய்ச் சேர்ந்த அக்காவை, "கலெக்டர் வேலை பாரு!" என்று சித்தப்பா கேலி செய்தாராம். கலெக்டருக்காயின் விடுப்பு உண்டு என்று அக்கா பதில் சொன்னாராம்.

பணத்தைப் பற்றி நேர்மையாகப் பேசவேண்டும். நாங்கள் சேர்ந்தபோது இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை திங்களுக்கு 31,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு முதல் 35,000. 2023 ஜனவரி முதல் இவை 37,000, 42,000 என உயர்த்தப்பட்டன. வீட்டு வாடகைப் படி தனி. இஃது அற்பத் தொகையன்று. வீட்டுக்கார அம்மாவின் மகள் தியாகராய நகர்த் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே உழைத்துப் பெறுவது இதில் பாதியும் இல்லை. அந்தப் பெண் மாடியேறி வந்து எங்களோடு அமர்ந்து தேநீர் பருகும் மாலைகளில் பணக்கவலை பேச எங்களுக்கு நா எழுவதில்லை. எங்கள் இடர் தொகையில் இல்லை, அது வரும் நாளில் இருக்கிறது. மூன்று திங்கள் ஒன்றும் வராது; நான்காம் திங்களில் மொத்தமாக வரும். சான்றிதழ் புதுப்பிக்கவில்லை, நிதியாண்டு முடிந்தது, கையொப்பம் வேறு மேசையில் இருக்கிறது எனக் காரணம் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும். துணிக்கடைப் பெண்ணுக்கு ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி. அவர் சீட்டுக் கட்டுகிறார். அண்ணன் மகனுக்கு மோதிரம் போட்டார். எங்களால் சீட்டில் சேர முடியாது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். யாருக்கு எப்போது பணம் வருகிறதோ அவர் அந்தத் திங்களின் வாடகையையும் எரிவாயு உருளையையும் ஏற்பது. பிறகு கணக்குத் தீர்ப்பது. இயற்பியல்காரர் அதற்கு ஒரு சூத்திரமே கண்டுபிடித்தார். ஆயினும் கணக்கு ஒருபோதும் நேரானதில்லை. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றானது எங்கள் நோட்டில் ஒரு வரியையே நீக்கியது. பணம் வராத திங்களில் ரயிலை விட்டுப் பேருந்துக்கு மாறுவது வழக்கமாயிற்று.

எங்கள் தொழில் என்னவென்று வீட்டாருக்கு விளங்கிய காலம் ஒன்று உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில் அது ஊரெல்லாம் துயருற்ற காலம். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, பி.சி.ஆர். என்னும் மூன்றெழுத்து தொலைக்காட்சி வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. ஒரு நாள் திண்டுக்கல்லிலிருந்து அம்மா அழைத்தார். "ஏ புள்ள, மூக்குல குச்சி விட்டு எடுத்து ஏதோ மிசின்ல வைக்கிறாங்களே, பி.சி.ஆர்னு, நீ சொல்லுவியே, அதுவா இது?" அதுதான் என்றதும் சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. நுண்ணிய மரபிழையைச் சூட்டாலும் குளிராலும் மாறி மாறி இரட்டிப்பாக்கி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கும் அந்த வித்தையை மகள் முதுகலை நாள் முதலே செய்துவருகிறாள் என்பது அவருக்கு அன்றுதான் பிடிபட்டது. அடுத்த வாரமே தெருவில் சொல்லிவிட்டார்: "எம் மக அந்த மிசின்ல வேலை பாக்குறா." படிக்கிறாள் என்பது முதன்முறையாக வேலை பார்க்கிறாள் என்றாயிற்று. தொற்று தணிந்ததும் அந்தச் சொல்லும் மெல்லத் தணிந்து, பழையபடி 'இன்னுமா' வந்தது.

மற்றொரு நிகழ்ச்சி 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயலின் மழை 3, 4 தேதிகளில் சென்னையை மூழ்கடித்தது. வேளச்சேரி ஏரியாகவே மாறிற்று. கீழ் வீட்டார் பாத்திரம் பண்டங்களோடு எங்கள் மாடிக்கு வந்துவிட்டனர். எட்டுப் பேர் இரண்டு அறையில். மின்சாரம் இல்லை. எங்களுக்கோ நினைவெல்லாம் ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில். சுழியத்துக்குக் கீழ் எண்பது பாகையில் நான்காண்டு நுண்ணுயிர்த் தொகுப்பு அதற்குள் இருந்தது. கதவைத் திறக்காதிருந்தால் சில மணி நேரம் குளிர் தாங்கும்; அதற்கு மேல் ஒவ்வொரு மணியும் ஓராண்டு. ஜெனரேட்டருக்குப் போதிய டீசல் வாங்கி வைக்கப்படவில்லை என்ற செய்தி நள்ளிரவில் வந்தது. விடிந்ததும் திண்டுக்கல்காரரும் அக்காவும் புறப்பட்டனர். வீட்டுக்கார அம்மா படியில் மறித்துக்கொண்டார். "உசிர விட்டுட்டு அந்தப் பொட்டியத் தேடிப் போறீங்களே, உள்ள என்ன, நகையா?"

"நகைன்னா போயிட்டுப் போகுதுன்னு விட்டிருப்போம்மா" என்றார் அக்கா.

இடுப்பளவு நீரில் தெருவைக் கடந்து, மேட்டுப் பாதையில் நடந்து, முற்பகலில் போய்ச் சேர்ந்தனர். பெட்டிகளைத் தெர்மாகோல் பேழைகளில் அடுக்கி, மின்சாரம் இருந்த வேறொரு கட்டடத்துக்கு மூன்று நடையில் மாற்றினர். பெரும்பகுதி பிழைத்தது. சதுப்பு நிலத்தின் வடபகுதியிலிருந்து எடுத்த நாற்பது குப்பிகள் உருகிவிட்டன. அந்த இழப்பை எந்த அறிக்கையில், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எவரும் சொல்லவில்லை. நெறியாளர் நல்லவர், மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மீண்டும் எடுக்க எட்டுத் திங்கள் வேண்டும். உதவித்தொகை முடிய எட்டுத் திங்களே இருந்தன.

இதுதான் எங்கள் கவலையின் முடிச்சு. உதவித்தொகை ஐந்தாண்டுக்கு மட்டுமே. ஆய்வு ஐந்தாண்டில் முடியவேண்டும் என்று விதி சொல்கிறது. நெல்லுக்கும் நுண்ணுயிருக்கும் புயலுக்கும் அந்த விதி தெரியாது. 2024 ஆகஸ்டில் மூவருக்கும் தொகை நின்றது. ஆய்வேடு எழுதும் காலம், அதைத் தேர்வாளர்கள் படிக்கும் காலம், வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் ஆகிய அனைத்தும் வருவாயில்லாத காலமே. அதன்பின் என்ன என்ற கேள்விக்கும் தெளிவான விடை இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தேசிய ஆய்வுநிலைக்குப் பொதுவாக 35 வயது வரம்பு. அதுவும் இரண்டே ஆண்டு. கல்லூரி ஆசிரியப் பணிக்கு முனைவர் பட்டம் உதவும் என்றுதான் சேர்ந்தோம். 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, உதவிப் பேராசிரியராக நேரடி நியமனம் பெற முனைவர் பட்டம் கட்டாயமில்லை, தகுதித் தேர்வு போதும் என்று விதித்தது. அத்தகுதியை நாங்கள் சேருமுன்பே பெற்றிருந்தோம்! இயற்பியல்காரர் அன்று மாலை நெடுநேரம் சிரித்தார். தமிழகக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் தேவையென 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது; விண்ணப்பித்தோம்; தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. இடைக்காலத்தில் கௌரவ விரிவுரையாளராகலாம் என்றனர். ஊதியம் குறைந்த பணிக்குக் கௌரவம் என்று பெயரிட்ட புலவர் யாரோ, அறியோம்.

உறவினர் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னால், யாரேனும் ஒருவர் இராமானுஜன் பெயரை எடுப்பது வழக்கம். பசியோடு கணக்குப் போட்ட மேதை. நீங்கள் உதவித்தொகைக்கு அழுகிறீர்களே என்பார்கள். அந்த வரலாற்றை நாங்களும் படித்திருக்கிறோம். கல்லூரித் தேர்வில் தவறி, வேலை தேடிப் பல வாசல் ஏறி இறங்கிய அவர் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அந்த எழுத்தரின் நோட்டுப் புத்தகங்களை மதித்து, அவருக்காக முயன்றனர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கிற்று. மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர் அறிக்கை தரவேண்டும், தந்தார். மேதையின் கதையில் பசியை மட்டும் நினைவில் வைத்து, எழுபத்தைந்து ரூபாயை மறந்துவிடுகிறோம். அவரது தொகையைப் பற்றிக் கவலைப்பட வேறு இருவர் இருந்தனர் என்பதையும் மறந்துவிடுகிறோம். சர் சி.வி. இராமன் 1917இல் நிதித்துறை உயர்பதவியை விட்டுக் குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியரானதும் உண்மையே. அவர் அதற்குமுன் பத்தாண்டு, அரசுச் சம்பளம் பெற்றுக்கொண்டே காலையும் மாலையும் ஆய்வு செய்தவர் என்பதும் உண்மை. இதைச் சித்தப்பாக்களிடம் சொன்னால், "வாயாடக் கத்துக்கிட்டீங்க" என்று பேச்சை முடித்து இலையைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அக்காவின் தந்தைக்குச் சென்ற ஆண்டு இறுதியில் சிறுநீரகம் பழுதுற்றது. வாரம் இருமுறை நாகப்பட்டினத்துக்கு அழைத்துச் சென்று இரத்தச் சுத்திகரிப்பு. தம்பி இன்னும் கல்லூரியில். ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் எஞ்சியிருந்தன. ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வுக்குழு அவரை அழைத்து எழுதியிருந்தது. பட்டம் பெற்றபின் வரலாம் என்றும், அதுவரை இடம் காத்திருக்கும் என உறுதி கூற இயலாது என்றும். ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் தேடியது. அதற்கு முதுகலையே போதும்.

மூன்று இரவுகள் பேசினோம். எழுதும் இயல்களை நாங்கள் சரிபார்க்கிறோம் என்றோம். வாடகையில் உங்கள் பங்கை நோட்டில் எழுதாமல் விடுகிறோம் என்றோம். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நோட்டுல எழுதாம விட்டா அப்பாவுக்கு ஊசி போட முடியுமா, சொல்லுங்க" என்றார். சினத்தோடு சொல்லவில்லை, நாங்கள் விடை தருவோம் என்று எதிர்பார்ப்பவர்போலவே கேட்டார். எங்களிடம் விடையில்லை. பிப்ரவரியில் அவர் வேலையில் சேர்ந்தார். காலை ஆறரைக்கு நிறுவனப் பேருந்து. கழுத்தில் இப்போது பெயர் அச்சிட்ட கயிறு. வேதாரண்யத்தில் அவர் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஆய்வேட்டைச் சனிக்கிழமைகளில் எழுதுகிறார். முடிப்பாரா என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை, அவரும் சொல்லவில்லை.

போகுமுன் ஒரு மரப்பெட்டியை எங்களிடம் கொடுத்தார். சிறுசிறு காகித உறைகள்; ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண், தலைமுறை, அறுவடைத் தேதி. ஐந்து தலைமுறை நெல். விதை உயிருள்ள பொருள். பெட்டியில் நெடுநாள் கிடந்தால் முளைப்பு குறைந்துகொண்டே வரும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் விதைத்து, புது விதை எடுத்து வைக்கவேண்டும். அந்த வேலைக்கு நிதியில்லை. எவர் பெயரிலும் அது இல்லை. அக்காவின் நெறியாளர் வலைக்கூடத்தில் ஒரு மூலையைத் தர இசைந்தார். நுண்ணுயிர்க்காரரும் இயற்பியல்காரரும் நாற்று நடக் கற்றுக்கொண்டோம். இயற்பியல்காரருக்குச் சேறு பிடித்துப்போயிற்று என்பது நாங்கள் எதிர்பாராதது.

அக்காவின் கட்டிலுக்கு இவ்வாண்டு புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறார். திருவாரூர்ப் பக்கம், முதலாண்டு ஆய்வு மாணவி. வந்த அன்றே, உதவித்தொகை எத்தனையாம் தேதி வரும் என்று கேட்டார். மூன்று திங்களுக்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொள்ளுமாறு சொல்லி, நோட்டுப் புத்தகத்தைக் காட்டினோம். வீட்டுக்கார அம்மா கீழிருந்து, "புதுப் பொண்ணு வேலைக்குப் போகுதா, படிக்குதா?" என்று கேட்டார். எங்களுள் ஒருவர் படிக்கிறாள் என்றோம், மற்றவர் வேலை பார்க்கிறாள் என்றோம்.

சென்ற புதன்கிழமை உறைகளிலிருந்து உறைக்கு எட்டு விதையாகப் பத்து உறை எடுத்து, ஈரத்தாளில் பரப்பி வைத்தோம். ஞாயிறன்று எண்ணிப் பார்த்து ஆலத்தூருக்குத் தொலைபேசியில் சொன்னோம். இரவுப் பணியில் இருந்தார். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"எண்பதுல எத்தனை?"

அறுபத்திரண்டு என்றோம்.

"பதினேழாம் நம்பர் உறை?"

எட்டும் முளைத்திருந்தன. சற்று நேரம் இயந்திர ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "தேதி போட்டு எழுதி வையுங்க. பென்சில்ல எழுதுங்க, பேனா ஈரத்துல அழிஞ்சுடும்" என்றார்.